பின் சீட்டிலும் உட்கார்ந்து பார்த்து எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிதாக வந்திருக்கும் காம்பாக்ட் கிராஸ்ஓவர் (காரைப் போலவே கட்டி, எஸ்யூவி மாதிரிக் கொஞ்சம் உயர்த்திய சின்ன வண்டி) பற்றிச் சென்ற இதழில் வெளியான ‘முதல் பார்வை’ கட்டுரையை வரி விடாமல் படித்தேன். அந்த வண்டியை வாங்கலாமா என்று வீட்டில் பேச்சு நடப்பதுதான் காரணம். எஞ்சின் சத்தம், ஸ்டியரிங்கின் லேசு, வளைவில் வண்டி எவ்வளவு சாய்கிறது என்பதெல்லாம் நன்றாகவே வந்திருந்தன. அப்புறம் நாங்களும் ஷோரூமுக்குப் போய்ப் பார்த்து, ஒரு சுற்று ஓட்டியும் வந்தோம். திரும்பி வந்து கட்டுரையை மறுபடி எடுத்தபோது ஒன்று புரிந்தது. முழுக்க முழுக்க அது டிரைவர் சீட்டில் இருந்தே எழுதப்பட்டிருக்கிறது. அதுவும் டாப் வேரியன்ட்டின் டிரைவர் சீட்.

டாப் வேரியன்ட் என்பதைச் சும்மா குத்திக்காட்டவில்லை. “சின்னப் பள்ளங்களில் கொஞ்சம் தூக்கிப்போடுகிறது” என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். அவர் ஓட்டிய வண்டியில் இருந்தது 18 அங்குல வீல், 215/55 டயர் (215 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம், 55 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது). நாங்கள் பார்த்த நடு வேரியன்ட்டில் 17 அங்குலம், 215/60. கணக்குப் போட்டுப் பாருங்கள்: டயரின் பக்கச்சுவர் முதலாவதில் சுமார் 118 மில்லிமீட்டர், இரண்டாவதில் 129. பள்ளத்தின் முதல் அடியை வாங்குவது ஸ்பிரிங் இல்லை, இந்த ரப்பரும் அதற்குள் இருக்கும் காற்றும்தான். ஆகவே அவர் குறை சொன்ன தூக்கல் நடு வேரியன்ட்டில் தணிந்திருக்கலாம். அவர் பாராட்டிய ஸ்டியரிங்கின் கூர்மையும் அதே காரணத்தால் ஒரு சுற்றுக் குறையலாம். சஸ்பென்ஷனைப் பற்றித் தீர்ப்பு சொல்லும்போது எந்த டயரில் ஓட்டினார் என்று ஒரு வரி சேர்த்தால் போதும், மீதியை வாசகர்கள் பார்த்துக்கொள்வோம்.

என்னை உண்மையிலேயே உறுத்திய இடம் வேறு. “கதவைச் சாத்தினால் ‘தட்’ என்று கனமான சத்தம், பாதுகாப்பான வண்டி என்ற நம்பிக்கை வருகிறது” என்று ஒரு வாக்கியம். அந்தச் சத்தம் வருவது கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங், உள்தகட்டில் ஒட்டியிருக்கும் அதிர்வு அடக்கும் பட்டைகள், பூட்டு விழும் விதம் ஆகியவற்றால். ‘தட்’ என்று கேட்க வேண்டும் என்பதற்காகவே நேரம் செலவழித்துச் சரிசெய்கிற பொறியாளர்கள் இருக்கிறார்கள். மோதும்போது உயிரைக் காப்பது முன்பகுதி எப்படி நசுங்கிச் சக்தியை வாங்கிக்கொள்கிறது, ஆட்கள் இருக்கும் கூடு நசுங்காமல் நிற்கிறதா, பெல்ட் சரியான நேரத்தில் இழுத்துப் பிடிக்கிறதா என்பவை. இவற்றில் எதுவும் கதவுச் சத்தத்தில் கேட்காது. இந்த வண்டிக்கு மோதல் சோதனை முடிவு இன்னும் வரவில்லை. வராதபோது சொல்லக்கூடியவை ஏராளம் உண்டு: அடிப்படை வேரியன்ட்டில் எத்தனை ஏர்பேக், வண்டி வழுக்கினால் நேர்ப்படுத்தும் இஎஸ்சி எல்லா வேரியன்ட்டிலும் இருக்கிறதா, பின் சீட்டின் நடுவில் இருப்பவருக்கு மூன்று முனை பெல்ட்டும் தலைத் தாங்கியும் உண்டா. நம்பிக்கையை இவற்றிலிருந்து வரவழையுங்கள்.

‘மணல், சேறு, பனி’ என்று திருகி மாற்றும் மோடுகளைப் பற்றி அரைப் பத்தி எழுதியவர், இந்த வண்டியில் முன் சக்கரங்கள் மட்டுமே இழுக்கின்றன என்பதை விவரப்பட்டியலில் ஒரு மூலையில் போட்டுவிட்டார். இப்படிப்பட்ட வண்டியில் அந்தத் திருகு செய்வது, ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு வேகமாகப் பதில் சொல்ல வேண்டும், சுழலும் சக்கரத்தை எப்போது பிரேக் போட்டுப் பிடிக்க வேண்டும் என்பதை மாற்றுவதுதான். உதவும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பின் சக்கரத்துக்கு இல்லாத சக்தியை அது கொண்டுவந்து தராது. 1994-இல் டொயோட்டா ராவ்4 வந்தபோதும் காரின் பாகங்கள், காரைப் போன்ற மோனோகாக் பாடி (அடியில் தனிச் சட்டம் இல்லாமல் உடலே சுமையைத் தாங்கும் அமைப்பு), கொஞ்சம் உயர்த்திய தரை இடைவெளி என்பதுதான் அடிப்படை. ஆனால் அது நான்கு சக்கரத்துக்கும் சக்தி கொடுத்துக்கொண்டு வந்தது. இன்று இந்த வகையில் தோற்றம் மட்டும் தங்கிவிட்ட வண்டிகளே அதிகம்.

சரி, குறையாகவே சொல்லிக்கொண்டு போகிறேனே. கட்டுரை விட்டுவிட்ட ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. முட்டி வலியுள்ள என் அம்மா இந்த வண்டியில் குனியாமல், ஏறாமல், அப்படியே பக்கவாட்டில் நகர்ந்து உட்கார்ந்துவிட்டார். தாழ்ந்த கார்களில் விழுகிற மாதிரி உட்கார வேண்டும், பெரிய எஸ்யூவிகளில் கைப்பிடியைப் பிடித்துத் தொங்க வேண்டும். சீட் இடுப்பு உயரத்தில் இருப்பதுதான் என் பார்வையில் கிராஸ்ஓவரின் உண்மையான பலம். குதிரைத்திறனைப் பற்றி இவ்வளவு எழுதுகிறவர்கள் இதை அளந்து எழுதுவதே இல்லை.

ஆனால் உட்கார்ந்த பிறகு கதை மாறுகிறது. டாப் வேரியன்ட்டின் பெரிய சன்ரூஃப் சட்டம் கூரையைத் தாழ்த்திவிடுவதால், கொஞ்சம் உயரமான என் தம்பியின் தலை பின் சீட்டில் கூரையைத் தொட்டது. நடு வேரியன்ட்டில் அந்தச் சிக்கல் இல்லை. சீட்டின் அடிப்பகுதி குட்டை. தொடையின் பாதி அந்தரத்தில். ஜன்னலின் கீழ்க்கோடு பின்னால் போகப் போக மேலேறுவது படத்தில் அழகாகத்தான் இருக்கிறது, என் மகளுக்கோ கதவின் பிளாஸ்டிக்தான் தெரிந்தது. வெளியே பார்க்க முடியாத குழந்தைக்குப் பயணத்தில் குமட்டல் வருவது சுலபம். பின்தூண் தடிமனாக இருப்பதால் ரிவர்ஸ் எடுக்க கேமராவை நம்பியே ஆக வேண்டும். இவையெல்லாம் பின்கதவைத் திறந்து உட்கார்ந்த உடனே தெரிந்தவை.

ஏசிக்கான பட்டன்களை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் திரைக்குள் போட்டதை ‘நவீனம்’ என்று கட்டுரை வரவேற்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த ஒரு கார் பத்திரிகை 2022-இல் இதைச் சோதித்தது. பட்டன்கள் உள்ள 2005 மாடல் வோல்வோ வி70-இல் 10 வினாடியில் முடிந்த வேலைகள், திரையை நம்பிய ஒரு புது வண்டியில் 44.9 வினாடி எடுத்தன. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் அது 1,300 மீட்டருக்கும் மேல். கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பு மதிப்பெண் தரும் ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பே இண்டிகேட்டர், வைப்பர், ஹார்ன் போன்றவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் இருக்க வேண்டும் என்று 2026 முதல் தன் மதிப்பெண்ணில் சேர்த்திருக்கிறது.

சில நாள் கழித்து விரிவான ஓட்டமும் எழுதப்போவதாகக் கட்டுரையின் கடைசியில் அறிவித்திருக்கிறீர்கள். முடிந்தால் நடு வேரியன்ட்டைக் கேட்டு வாங்குங்கள். ஆட்களையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு ஒரு மேட்டில் நின்று கிளப்பிப் பாருங்கள். சின்ன டர்போ எஞ்சின் 1,500 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் சுற்றுகள்) கீழே எப்படித் திணறுகிறது என்பது காலியான வண்டியில் தெரியாது. தரை இடைவெளியையும் அந்தச் சுமையோடு ஒரு தடவை அளந்து போடுங்கள். டிக்கி எத்தனை லிட்டர் என்று எழுதும்போது, அதன் விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, கனமான பெட்டியை எவ்வளவு தூக்க வேண்டியிருக்கிறது என்பதும் வேண்டும். கீழே இருப்பது முழு அளவு ஸ்டெப்னியா, ஒல்லியான தற்காலிகச் சக்கரமா, வெறும் பஞ்சர் ஒட்டும் கிட்டா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். ஷோரூமில் கேட்டேன், அங்கிருந்தவருக்குத் தெரியவில்லை.

அன்புடன்,
ஒரு வாசகர்