மரிம்பாவின் கரகரப்பு பழுதல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த குவாத்தமாலா பயணக் கட்டுரை, அங்கே ஊர்த் திருவிழாவில் வாசிக்கும், கோலால் தட்டும் மரக்கட்டை வாத்தியமான மரிம்பாவை ‘காதைக் கிழிக்கும் இரைச்சல்’ என்றும், ‘பழுதான கருவிபோலக் கரகரக்கிறது’ என்றும் எழுதியிருக்கிறது. அந்தக் கரகரப்பு கருவி செய்பவர் பார்த்துப் பார்த்து வைப்பது.

மரிம்பாவின் ஒவ்வொரு மரக்கட்டைக்கும் கீழே, செட்ரோ அல்லது சைப்ரஸ் பலகையில் செய்த பெட்டி ஒன்று தொங்கும். பெட்டியின் அடிப்பக்கத்தில் சிறு துளை. அதைச் சுற்றித் தேன்மெழுகால் வளையம் கட்டி, மேலே பன்றிக் குடலின் மெல்லிய சவ்வை ஒட்டுவார்கள். கட்டையைத் தட்டியதும் உள்ளே காற்று அதிரும். சவ்வும் கூடவே நடுங்கும். ‘சார்லேயோ’ என்று அவர்கள் சொல்லும் ஒலி இதுதான். தம்புராவில் தந்திக்கு அடியில் நூல் வைத்து ‘ஜீவா’ என்ற ரீங்காரம் பிடிக்கிறோமே, அதே மாதிரி வேலை. இது இல்லாத மரிம்பா அந்த ஊர்க்காரர் காதுக்கு ஊமை.

சவ்வைப் பராமரிப்பதுதான் பெரும்பாடு. இறுக்கி ஒட்டினால் நடுங்காது. தளர்ந்தால் சுரத்தோடு சேராமல் தனியே சடசடக்கும். மழைக்காலத்தில் ஈரம் ஏறித் தொய்யும். வாத்தியத்தை வெயிலில் விட்டால் மெழுகு இளகி ஓரம் பிரியும். பெரிய மரிம்பாவில் பொதுவாக 78 கட்டைகள். பெட்டிக்கு ஒன்றாகச் சவ்வும் அத்தனை.

கட்டைக்கு உகந்தது ஓர்மிகோ மரம். இப்போது அது கிடைப்பது அரிது. அடிப்புறம் நடுவில் செதுக்கினால் சுரம் இறங்கும், முனையைக் குறைத்தால் ஏறும். கயிறு கோக்கும் துளை, நீளத்தில் முனையிலிருந்து ஏறக்குறைய ஒன்பதில் இரண்டு பங்கில் விழவேண்டும். கட்டை அதிராத இடம் அதுதான். துளை விலகினால் ‘மொத்’தென்று ஒலித்து அடங்கிவிடும். கோலின் முனையில் சுற்றும் ரப்பரும் இடத்துக்கு இடம் மாறும்: மேல்சுரங்களுக்குச் சிறியதும் கடினமானதும், கீழ்சுரங்களுக்குப் பருத்ததும் மெத்தென்றதும். கீழே கடினமான கோலால் தட்டினால் மரம் தட்டும் ஓசைதான் வரும், பெட்டியில் ஒலி நிறையாது.

பெரிய மரிம்பாவில் நால்வர், சிறியதில் மூவர் என இவ்வளவு பேர் சேர்ந்து எழுப்பும் ஒலி, திறந்த வெளிக்காகவே அமைந்தது. 1680இல் குவாத்தமாலாவின் ஆன்டிகுவா நகரப் பேராலயத் திறப்பு விழாவில் மரிம்பா ஒலித்ததாக வரலாற்றாசிரியர் டொமிங்கோ ஹுவாரோஸ் எழுதியிருக்கிறார். மலைச்சரிவில் சிதறிக் கிடக்கும் வீடுகளுக்கு விழா தொடங்கியதைச் சொல்வது அந்த ஒலிதான். தோதோஸ் சாந்தோஸ் கூச்சுமதான் என்ற மலையூரில் நவம்பர் 1 குதிரையோட்டத்தின்போதும் மரிம்பா உண்டு. மறுநாள் கல்லறைத் தோட்டத்திலும் அதே மரிம்பா, இறந்தவர்களுக்காக. துக்கத்துக்கும் கொண்டாட்டத்துக்கும் ஒரே கருவியை, அதே ஓங்கிய ஒலியில் வாசிப்பதை ‘இரைச்சல்’ என்று சொல்வது அறியாமை. 1978இல் குவாத்தமாலா இதைத் தேசிய வாத்தியமாக அறிவித்தது.

காதுக்குக் கேடு ஒலிபெருக்கியால் வருவது. கட்டைக்கு மேலே மைக்கை நீட்டினால் தட்டும் ஓசை மட்டும் பிடிபடும். கீழே சவ்வில் பிறக்கும் கரகரப்பும் பெட்டியின் கனமும் விட்டுப்போகும். அதை ஈடுகட்ட ஒலியைக் கூட்டுகிறார்கள். மைக் ஊளையிடத் தொடங்கும். ஒருவர் வாசிப்பது மற்றவருக்குக் கேட்காமல் எல்லோரும் இன்னும் ஓங்கித் தட்டுவார்கள். மைக் வைத்தே ஆகவேண்டுமானால் பெட்டிகளின் அடிமட்டத்தில், சவ்வுகளைப் பார்த்தாற்போல் வைக்கவேண்டும். சிறு சதுக்கத்தில் அதுவும் தேவையில்லை.

அங்கே போகும் உங்கள் செய்தியாளர்கள் மின்சாரம் இல்லாமல் வாசிக்கும் மரிம்பாவை ஒருமுறையாவது கீழ்சுரப் பக்கம் நின்று கேட்டுவிட்டு எழுதட்டும். ஒலிபெருக்கியின் தொல்லையையும் தாராளமாக எழுதலாம். ஆனால் இரண்டையும் ஒரே வரியில் ‘இரைச்சல்’ என்று எழுதவேண்டாம்.

இப்படிக்கு,
வாசகர்கள் இருவர்,
கும்பகோணம்