செவலைக் கன்றும் சாம்பல் நிற க்ரேயானும்

மேடிசன், விஸ்கான்சின்
ஜனவரி 24

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நால்வரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? போனில் பேசலாம்தான். ஆனால் போனை எடுத்த உடனே உங்கள் பேத்தியும் பேரனும் பிடுங்கிக்கொள்கிறார்கள். நீங்கள் மாட்டைக் காட்டுகிறீர்கள், இவர்கள் கத்துகிறார்கள், எனக்கு ஒரு வார்த்தை பேச முடிவதில்லை. அதனால்தான் கடிதம். கூடவே பெரியவள் வரைந்த படம் ஒன்றை மடித்து வைத்திருக்கிறேன். தலைகீழாகப் பிடித்துவிடாதீர்கள், கால் நான்கும் கீழே வர வேண்டும்.

இங்கே குளிர் உச்சத்தில் இருக்கிறது. நேற்றுக் காலை மைனஸ் 22. ஊரை ஒட்டிய மெண்டோட்டா ஏரி பாறை மாதிரி உறைந்து கிடக்கிறது. அதன் மேல் நடந்து போய், ஓட்டை போட்டு, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மீன் பிடிக்கிறார்கள். குழந்தைகளை வெளியே கூட்டிப்போக வேண்டுமென்றால் பேன்ட்டுக்கு மேல் பேன்ட், சாக்ஸ், பூட்ஸ், கையுறை, குல்லா என்று அரை மணி நேரம் ஆகிறது. எல்லாம் மாட்டி முடித்ததும் சின்னவன் "ஒண்ணுக்கு" என்பான். பகல் பராமரிப்பு மையத்தில் இருவரையும் விட்டால் எங்கள் வீட்டு வாடகையைவிட அதிகமாகும். பெரியவளுக்கு நான்கு வயதானதும் அரசுப் பள்ளியில் இலவசமாகச் சேர்க்கலாம். அதுவரை நான்தான் டீச்சர், சமையலறைக்கும் சோபாவுக்கும் நடுவில் இருக்கும் இடம்தான் பள்ளிக்கூடம்.

இந்த மாதம் எங்கள் பாடம் என்ன தெரியுமா அப்பா? தோட்டம்.

சிரிக்காதீர்கள். இங்கே சின்னக் குழந்தைகளுக்கு வாரம் ஒரு தலைப்பு என்று சொல்லிக்கொடுப்பது வழக்கம். நிறம், மழை, உடம்பு என்று போய் எல்லோரும் கட்டாயம் வந்து சேரும் இடம் பண்ணை. அதிலும் இது மாட்டு மாநிலம். கார் நம்பர் பலகையிலேயே 'அமெரிக்காவின் பால்நாடு' என்கிற பொருளில் அச்சடித்திருப்பார்கள். பண்ணை என்று சொன்னால் பெரியவளுக்குப் புரியவில்லை. தோட்டம் என்றேன். "பூ இருக்குமே, அதுவா?" என்றாள். இங்கே வார இறுதித் தமிழ் வகுப்பில் தோட்டம் என்றால் ரோஜா, மல்லிகைதான். கிணறு, மோட்டார், கட்டுத்தரை, தட்டுப்போர் எல்லாம் சேர்ந்ததுதான் நம் ஊரில் தோட்டம், தண்ணி இல்லாவிட்டால் அதற்குப் பெயர் காடு என்று மூன்று வயதுப் பிள்ளைக்கு எப்படி விளக்குவது? கடைசியில், தாத்தாவான உங்களை அவள் கூப்பிடுகிறபடியே, "அப்புச்சி இருக்கிற இடம்" என்றேன். சரி என்று ஒப்புக்கொண்டாள்.

பழைய சாமான் கடையில் ஒரு பிளாஸ்டிக் பண்ணைப் பெட்டி 4 டாலருக்குக் கிடைத்தது. கறுப்பும் வெள்ளையுமாய் மூன்று மாடு, ஒரு குதிரை, இரண்டு பன்றி, கோழி, வெள்ளை வேலி, பச்சை டிராக்டர். டயப்பர் வந்த அட்டைப்பெட்டிக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து மாட்டுக்கொட்டகை ஆக்கினோம். இந்த ஊரில் கொட்டகை என்றாலே சிவப்புதான். அந்தக் காலத்தில் ஆளிவிதை எண்ணெயில் இரும்புத் துருவைக் கலந்து மரத்தில் பூசியிருக்கிறார்கள். மலிவு, மரத்தில் பூஞ்சையும் பிடிக்காது. நம் கோயில் மதிலில் அடிக்கும் காவியும் மண்ணில் இருக்கும் இரும்புதானே. ஓட்ஸ் வந்த உருளை டப்பாவை அதன் பக்கத்தில் நிறுத்தினோம். அது சைலோ. மக்காச்சோளத்தைத் தட்டோடு நறுக்கி, காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்க வைப்பார்கள். கால்நடை ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் ஊறுகாய்ப்புல் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்களே, அதேதான். இங்கே பனி ஐந்து மாதம் மூடிக்கிடப்பதால் அதுதான் மாட்டுக்கு உயிர்.

எல்லாம் அடுக்கி முடித்ததும் பெரியவள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சாணி எங்கே?" என்றாள். பெட்டியில் எல்லாம் இருந்தது, சாணி மட்டும் இல்லை! உங்கள் வீடியோவில் தினமும் அதைத்தானே பார்க்கிறாள். மாவைப் பிசைந்து, கோகோ பொடி போட்டு உருட்டிக் கொடுத்தேன். ஐந்தாவது படிக்கும்போது சாணி அள்ளச் சொன்னால் நான் பின்பக்கமாக ஓடி ஒளிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். இப்போது விலை கொடுத்துக் கோகோ வாங்கிச் சாணி செய்துகொண்டிருக்கிறேன். அம்மாவிடம் சொல்லுங்கள், மனசு ஆறும்.

முதல் வாரம் ஒரு தப்பு பண்ணிவிட்டேன். ஒரு பெரிய டப்பில் காய்ந்த மக்காச்சோளத்தைக் கொட்டி, மாடுகளை உள்ளே புதைத்துத் தேடி எடுக்கச் சொன்னேன். கரண்டியால் அள்ளுவது, இடுக்கியால் ஒவ்வொரு மணியாக எடுத்து முட்டை அட்டையின் குழியில் போடுவது எல்லாம் பிற்பாடு பென்சில் பிடிக்கும் விரலுக்கு நல்ல பழக்கம். பெரியவள் பன்னிரண்டு குழியையும் எண்ணி நிரப்பினாள். சின்னவன் ஒரே ஒரு மணியை எடுத்து மூக்கில் போட்டுக்கொண்டான். எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. இடுக்கியை எடுக்கப் போனேன், நல்லவேளை அதற்கு முன் நர்ஸுக்குப் போன் பண்ணினேன். எதையும் உள்ளே விட்டு நோண்டாதே. அடைக்காத மூக்குத் துவாரத்தை விரலால் மூடிக்கொண்டு, அவன் வாயோடு வாய் வைத்துச் சட்டென்று ஊது என்றார். ஊதினேன். முதல் தடவை ஒன்றும் இல்லை. இரண்டாவது தடவை மணி என் கன்னத்தில் வந்து விழுந்தது. அவன் இதுவும் விளையாட்டு என்று நினைத்து இன்னொரு தடவை கேட்டான்! மாப்பிள்ளைக்கு அன்று ராத்திரிதான் சொன்னேன். அம்மாவிடம் இதைப் படித்துக் காட்ட வேண்டாம். இப்போது டப்பில் மக்காச்சோளம் இல்லை. ஓட்ஸும், வைக்கோலுக்குப் பதில் கிழித்த காகிதமும்தான்.

அடுத்தது பால் கறப்பது. ரப்பர் கையுறையில் தண்ணீரும் கொஞ்சம் பாலும் ஊற்றி, துணி காயப்போடும் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, விரல் நுனிகளில் ஊசியால் குத்திவிட வேண்டும். கீழே ஒரு கிண்ணம். இங்கே தாய்மார்கள் எல்லோரும் செய்யும் விளையாட்டுதான். நான் பெருமையாக, கட்டைவிரலை மடக்காமல் முழுக் கையால் மேலிருந்து கீழே பிழிய வேண்டும், மடக்கினால் காம்பு நோகும் என்று நீங்கள் எனக்குச் சொன்னதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரியவள் கறக்கவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். என்னடி என்றால், "கன்னு இன்னும் ஊட்டலையே" என்கிறாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கன்றை முதலில் ஊட்ட விட்டால்தான் நம் மாடு பாலைச் சுரக்கும் என்று நீங்கள் எப்போதோ போனில் அவளிடம் சொல்லியிருக்கிறீர்கள் போல. பெட்டியில் கன்றும் கிடையாது. பன்றிக்குட்டியைத்தான் கன்றாக வைத்துக்கொண்டோம். அது கையுறையின் நான்கு விரலிலும் வாய் வைத்து முடித்த பிறகுதான் கறவை ஆரம்பமானது. இரண்டு நிமிடத்தில் சின்னவன் தொங்கி இழுத்ததில் மடியே கிழிந்து தரையெல்லாம் வெள்ளம். துடைத்து முடிக்க அரை மணி நேரம்.

போன ஜூன் மாதம் இங்கே ஒரு பண்ணையில் ஊர்க்காரர்களைக் கூப்பிட்டுக் காலைச் சாப்பாடு போட்டார்கள், நாங்களும் போயிருந்தோம். ஜூன்தான் இவர்களுக்குப் பால் மாதம். ஒரு ஹோல்ஸ்டீன் மாடு நாளைக்கு 30 லிட்டருக்கு மேல் கறக்கிறது. காதில் ஆளுக்கொரு நம்பர், மெஷின்தான் கறக்கிறது, கன்று வேறு எங்கோ தனிக் கூண்டில். குறை சொல்லவில்லை, மாடுகளை அவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே நின்றபோது, இரண்டு லிட்டர் கறக்கும் நம் மயிலைப் பசுவை நீங்கள் ஏன் விற்காமல் வைத்திருக்கிறீர்கள் என்று அண்ணன் கேட்பதும், நீங்கள் பதில் சொல்லாமல் எழுந்து போவதும் நினைவுக்கு வந்தது.

வெண்ணெய் எடுக்கும் பாடம் மட்டும் நன்றாக நடந்தது. கடையில் விற்கும் க்ரீமைப் பாட்டிலில் பாதி ஊற்றி, இறுக மூடி, மாறி மாறிக் குலுக்கினோம். முதலில் தளதளவென்று சத்தம் வரும். அப்புறம் நுரைத்துக் கெட்டியாகிச் சத்தமே நின்றுவிடும். அங்கேதான் குழந்தைகள் கெட்டுப்போய்விட்டது என்று விட்டுவிடப் பார்ப்பார்கள். விடாமல் குலுக்கினால் திடீரென்று மோர் பிரிந்து உள்ளே உருண்டை உருளும். பதினைந்து நிமிடம் ஆயிற்று. மோரைக் குடித்துப் பார்த்தேன், புளிப்பே இல்லை; தயிரைக் கடையவில்லையே. அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

நீங்கள் சொசைட்டியில் பால் ஊற்றும்போது கொழுப்பு பார்த்துத்தானே காசு போடுகிறார்கள்? முன்பு குழாயில் ஆசிட் ஊற்றி மெஷினில் சுற்றிப் பார்ப்பார்களே, அந்த வகைச் சோதனையில் ஒன்றை 1890-இல் இதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில்தான் ஸ்டீபன் பாப்காக் என்பவர் கண்டுபிடித்தார். அதற்கு முன் எடையை மட்டும் பார்த்துக் காசு கொடுத்ததால் தண்ணி ஊற்றுகிறவனுக்குத்தான் லாபம். அவர் அதற்குக் காப்புரிமைகூட வாங்கவில்லை. இன்னொன்று, வெண்ணெய் மேல் இந்த மாநிலத்துக்காரர்களுக்கு அவ்வளவு பிடிவாதம்: வெண்ணெய்க்குப் பதிலாக எண்ணெய், கொழுப்பில் செய்யும் மார்ஜரினை மஞ்சள் நிறம் சேர்த்து விற்க 1895 முதல் 1967 வரை தடையே போட்டிருந்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் போய் வாங்கி ஒளித்து எடுத்து வருவார்களாம்.

நூலகத்தில் குழந்தைகளுக்கு இலவசமாகக் கதை சொல்வார்கள். போன செவ்வாய்க்கிழமை மாட்டின் படத்தைக் காட்டி, இது எப்படிக் கத்தும் என்று கேட்டார் அந்த அம்மா. எல்லாப் பிள்ளைகளும் "மூ". நம்மவள் மட்டும் தொண்டை கிழிய "அம்மா!" என்றாள். என்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து அவர் கதையை நிறுத்திவிட்டு எனக்கு வழிவிட்டார். சேவலுக்கும் இதே வம்பு. இவர்கள் ஊர்ச் சேவல் "காக்-எ-டூடுல்-டூ" என்கிறது, நம்முடையது கொக்கரக்கோ. எது சரி என்று கேட்டாள். எந்த ஊர்ச் சேவல் என்று கேட்டுக்கொள் என்றேன்.

பொங்கலுக்கு என்ன செய்தோம் என்று அம்மா கேட்டார்கள். பட்டிப் பொங்கல் அன்று வரவேற்பறையில் கோகோ சாணியாலேயே ஒரு சாண் அகலத்துக்குத் தெப்பக்குளம் கட்டினோம். தண்ணீரும் பாலும் விட்டோம். பிளாஸ்டிக் மாடுகளை ஒவ்வொன்றாக மிதிக்க விட்டு, "பட்டி பெருக, பால் பானை பொங்க" என்று மூன்று சுற்று வந்தோம். நான் அதற்கு மேல் உள்ள வரிகளை மறந்துவிட்டேன் அப்பா. நீங்கள் முழுதாகச் சொல்லி ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்கள். மேய்ச்சலிலிருந்து மாட்டைக் கூப்பிடும் சத்தத்தையும் சேர்த்துப் பதிவு பண்ணுங்கள். நான் கூப்பிட்டுக் காட்டினேன், மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கிறார். துளிர்த்து நிற்கும் நம் கிளுவை வேலியையும் படலையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். வெள்ளை பிளாஸ்டிக் வேலியைப் பார்த்துப் பார்த்து, வேலி என்றால் முளைக்காது என்று இவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முளைப்பது என்றதும் ஞாபகம் வருகிறது. ஈரக் காகிதத்தில் பச்சைப்பயறைச் சுற்றிப் பையில் போட்டு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினோம். வெளியே அத்தனை குளிர்; உள்ளே இரண்டே நாளில் வால் விட்டுவிட்டது. தினமும் காலையில் எழுந்ததும் பல் தேய்க்குமுன் அதைத்தான் போய்ப் பார்க்கிறார்கள்.

இப்போது படத்துக்கு வருகிறேன். மாட்டுக்கு வண்ணம் அடிக்கச் சொன்னபோது கறுப்பு வெள்ளை க்ரேயான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை ஒதுக்கிவிட்டுச் சிவப்பை எடுத்து முழுக்க அடித்தாள். மாடு சிவப்பாக இருக்காதே கண்ணு என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். "இது அப்புச்சி கன்னு" என்றாள். கார்த்திகையில் நம் மயிலை ஈன்ற கிடாரி! பிறக்கும்போது செவலையாகத்தானே இருக்கும். எனக்கே மறந்துபோன விஷயம். ஆறு மாதம் போனால் இது அம்மா மாதிரி சாம்பலாகிவிடும் என்று சொன்னேன். நம்பவில்லை. நம்பாவிட்டாலும் சாம்பல் நிற க்ரேயானைத் தம்பி கைக்கு எட்டாமல் ஃபிரிட்ஜின் மேல் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டாள். இதே மாதிரி இன்னொரு படம் வரைந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறோம். நிறம் மாற ஆரம்பித்தால் நீங்கள் போன் பண்ண வேண்டும், எந்தப் பக்கம் முதலில் வெளுக்கிறது என்று சொல்ல வேண்டும், அந்தப் பக்கத்திலிருந்துதான் அடிப்பாளாம்.

மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள். அம்மாவை இரவில் கட்டுத்தரைக்கு அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் மகள்