நச்சுத் தவளையும் கொட்டாங்கச்சியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் நச்சு அம்புத் தவளைகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 'தொட்டாலே உயிர் போகும் தவளையை வெளிநாடுகளில் சிலர் வீட்டில் வைத்துக் கொஞ்சுகிறார்கள்' என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சிலரில் நானும் ஒருவன். ஜெர்மனியில் டோர்ட்மண்ட் நகரத்து அடுக்குமாடி வீடு ஒன்றில் ஒன்பது வருடமாக இந்தத் தவளைகளோடு குடித்தனம் நடத்துகிறேன். உயிரோடுதான் இருக்கிறேன்.

கட்டுரை சொன்னது பொய்யில்லை, பாதிதான் சொல்லியிருந்தது. கொலம்பியாவின் பசிபிக் கரையோரக் காட்டில் வாழும் தங்கத் தவளையின் தோலில் பாட்ராகோடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. எம்பெரா பழங்குடியினர் ஊதுகுழல் அம்பின் நுனியை அதன் முதுகில் தேய்த்துக்கொண்டு வேட்டைக்குப் போனதுண்டு. ஆனால் நச்சு அம்புத் தவளைக் குடும்பத்தில் ஏறத்தாழ 200 இனங்கள் இருக்கின்றன. அம்புக்குப் பயன்பட்டவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதைவிட முக்கியமான ஒன்று: இந்த நஞ்சைத் தவளை தானாகச் சுரப்பதில்லை. காட்டில் தின்னும் எறும்பு, சிற்றுண்ணி போன்றவற்றிலிருந்து சேர்த்துவைக்கிறது. அமெரிக்க வேதியியலாளர் ஜான் டேலி பல பத்தாண்டுகள் இதை ஆராய்ந்தார். காட்டில் பிடித்த தவளை பழைய நஞ்சை ஆண்டுக்கணக்கில் தோலில் வைத்திருக்கும். வீட்டில் வைக்கும் கண்ணாடித் தொட்டியிலேயே பிறந்து பழ ஈ தின்று வளர்ந்ததிடம் அந்த நஞ்சு இல்லை. தொட்டியைச் சுத்தம் செய்யும்போது என் கை படத்தான் செய்கிறது. கையில் ஒட்டியிருக்கும் சோப்பு தவளையின் தோல் வழியே உள்ளே போய்விடுமே என்பதுதான் அப்போது என் கவலை.

'பணக்காரப் பொழுதுபோக்கு' என்ற வரியும் கொஞ்சம் உறுத்தியது. என் தொட்டிக்குள் வந்து பாருங்கள். தரையில் நாட்டு வாதுமைச் சருகு, மூலையில் கவிழ்த்த கொட்டாங்கச்சி. நம்மூரில் கூட்டித் தள்ளுகிற சருகையும் அடுப்பில் போடுகிற தேங்காய் ஓட்டையும் இங்கே காசு கொடுத்து வாங்குகிறேன். சிரட்டைக்கு அடியில் ஒரு சின்னக் கண்ணாடித் தட்டு வைத்தால் பெண் தவளை அதில்தான் முட்டையிடும். முதலில் ஆண் கூப்பிட வேண்டும். என்னிடம் உள்ள லூகோமெலாஸ் என்ற கருப்பு மஞ்சள் இனத் தவளை குரலெடுத்தால் ஏதோ பறவை கூண்டுக்குள் மாட்டிக்கொண்டது என்றுதான் விருந்தாளிகள் நினைப்பார்கள்.

காட்டில் முட்டைக்குக் காவல் தகப்பன். பொரிந்ததும் தலைப்பிரட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு போய், இலையிடுக்கிலோ மரப்பொந்திலோ தேங்கிய நீரில் விடும். தொட்டியில் அந்த வேலையை நான் பிடுங்கிக்கொள்கிறேன். ஒன்றையொன்று தின்னும் என்பதால் ஆளுக்கொரு டம்ளர். வால் சுருங்கித் தவளையாகக் கரையேற இரண்டு மூன்று மாதம் ஆகும். என் முதல் ஆறு குஞ்சுகளுக்கும் முன்னங்கால் நூல்போல வந்தது. ஒன்றும் பிழைக்கவில்லை. தாய்க்கு வைட்டமின் ஏ போதவில்லை என்று ஒரு முதிய வளர்ப்பாளர் சொன்னார். ஈயின் மேல் சத்துப் பொடி தூவிக் கொடுக்க ஆரம்பித்த பிறகு அந்தக் கோளாறு வெகுவாகக் குறைந்தது. ஈ என்றதும் ஞாபகம் வருகிறது: என் மனைவிக்குத் தவளைகள் மேல் ஒரு புகாரும் இல்லை. உருளைக்கிழங்கு மாவும் ஈஸ்டும் வினிகரும் கலந்து நான் ஈ வளர்க்கும் டப்பாக்கள் மேல்தான். பறக்க முடியாத ஈதான். ஆனால் நடந்தே எங்கள் சர்க்கரை டப்பா வரை வந்துவிடும்.

கட்டுரை தொடாமல் விட்ட இடம் வேறு. இந்தத் தவளைகள் எங்கிருந்து வருகின்றன? 2019 ஏப்ரலில் கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவின் விமான நிலையத்தில் கைவிடப்பட்ட பெட்டி ஒன்றில், கேமரா ஃபிலிம் டப்பிகளுக்குள் 424 தவளைகள் இருந்தன. அவை போகவிருந்தது ஜெர்மனிக்கு. அதாவது என்னைப் போன்றவர்களின் வீட்டுக்கு. 2024 ஜனவரியில் அதே விமான நிலையத்தில் இன்னும் 130. எளிதாகக் குஞ்சு பொரிக்கும் இனங்களை அதிகம் கடத்துவதில்லை. இங்குள்ள வளர்ப்பாளர்களிடமே நிறையக் கிடைக்கின்றன. கடத்தப்படுபவை பெரும்பாலும் ஊஃபாகா வகை. அந்தப் பெயருக்கே முட்டை தின்னி என்று பொருள். தாய் ஒவ்வொரு தலைப்பிரட்டையையும் தனித்தனி நீரில் விட்டு, திரும்பத் திரும்ப வந்து கருவுறாத முட்டையிட்டு ஊட்டும். தாய் ஊட்டும் வேலையை என்னால் டம்ளரில் செய்ய முடியாது. குஞ்சுகள் குறைவு, விலை அதிகம், ஆகவே காட்டில் கை வைக்கிறார்கள். கொலம்பியாவில் இவான் லொசானோ என்பவர் இவற்றைப் பண்ணையில் பெருக்கி, சட்டப்படி விற்றுக் கடத்தல்காரர்களின் சந்தையைக் கெடுக்கப் பார்க்கிறார். எனக்குப் பிடித்த வழி அது.

நானும் உத்தமன் இல்லை. ஆரம்பத்தில் ஒரு கண்காட்சியில், 'பண்ணையில் பிறந்தது, சான்றுத் தாள் பிறகு தருகிறேன்' என்ற ஒருவரிடம் ஒரு ஜோடி வாங்கினேன். இரண்டும் மெலிந்திருந்தன, ஒன்றுக்கு மூக்கு தேய்ந்திருந்தது. காட்டில் பிடித்தவையாக இருக்கலாம் என்பதைக் கண்டும் வாங்கினேன். மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. தாளும் வரவில்லை.

இதையெல்லாம் எழுத வைத்தவன் திருச்சியில் இருக்கும் என் தம்பி மகன். உங்கள் கட்டுரையைப் படித்த அன்றே, 'பெரியப்பா, வரும்போது ஒரு ஜோடி கொண்டு வாங்க' என்று போன். அவனைப் போல இன்னும் எத்தனை பேரோ. இந்தத் தவளைகள் 1987 முதல், அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. அனுமதி இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுவருவது குற்றம். இந்தியாவில் 2022-இல் திருத்திய வனவிலங்குச் சட்டமும் 2024-இல் வந்த விதிகளும், இப்படிப்பட்ட உயிர்களை வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்கின்றன. சட்டத்தை விடுங்கள், திருச்சி வெயிலை நினைத்துப் பாருங்கள். 30 டிகிரியைத் தாண்டினாலே இவை தவிக்கும். தவளைக்காக நாள் முழுக்க ஏசி போட என் தம்பி சம்மதிக்கமாட்டான்.

இன்னொன்று பூஞ்சை. உலகெங்கும் தவளைகளை வாரிக்கொண்டு போகும் கைட்ரிட் பூஞ்சைக்கு 1999-இல் விஞ்ஞானிகள் பெயர் வைத்தபோது, அது கிடைத்தது வாஷிங்டன் உயிரியல் பூங்காவில் இறந்த நீல அம்புத் தவளையிடம். டென்ட்ரோபேட்டிஸ் என்ற அந்தத் தவளையின் பெயரே பூஞ்சையின் பெயரிலும் ஒட்டிக்கொண்டது. நான் தொட்டித் தண்ணீரை பிளீச் கலந்து வைத்த பிறகே கொட்டுகிறேன். வேறெங்கும் இல்லாத தவளைகள் மேற்குத் தொடர்ச்சி மலையில் எத்தனையோ இருக்க, யாரோ ஒருவர் சலித்துப்போய்த் தன் தொட்டியை ஓடையில் கவிழ்த்தால் என்னவாகும் என்று உங்கள் கட்டுரையாளர் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

கடைசியாக ஒரு திருத்தம். 'உலகின் மிகக் கொடிய தங்கத் தவளை' என்று நீங்கள் போட்டிருந்த படத்தில் மஞ்சள் உடம்பில் கருப்புப் பட்டைகள் இருந்தன. வளர்ந்த தங்கத் தவளைக்குப் பட்டை கிடையாது. படத்தில் இருப்பது லூகோமெலாஸ், வெனிசுவேலாப் பக்கத்துக்காரர். என் வீட்டுக் கொட்டாங்கச்சிக்குள் இப்போது உட்கார்ந்திருப்பவரின் சொந்தம்தான். அடுத்த இதழில் சரிசெய்துவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
டோர்ட்மண்ட், ஜெர்மனி