எந்த மைலேஜைக் கேட்கிறாய் மாப்ளே?

போடிநாயக்கனூர்,
ஐப்பசி 12

அன்புள்ள சேகர் மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. கட்டுப் பிரித்த கையோடு, "இந்த வீட்டுக்குக் கடைசியா எப்படா வெள்ளை அடிச்சே?" என்று கேட்டாராமே! உன் தங்கச்சி அதைப் படித்துப் படித்துச் சிரிக்கிறாள். நம் வீட்டுச் சுவரையும் அம்மாவிடம் காட்டக்கூடாது என்கிறாள்.

இங்கே ஏலக்காய் எடுப்பு நடக்கிறது. வாரத்தில் நாலு நாள் போடிமெட்டு ஏறி எஸ்டேட் கணக்கைப் பார்த்துவிட்டு இருட்டினபின் இறங்குகிறேன். அதனால்தான் பதில் எழுதத் தாமதம். போதாததற்கு நீ கேட்ட கேள்வியும் ஒரு வரியில் பதில் சொல்கிற கேள்வி இல்லை. "பல்சருக்கு டயர் மாத்தணும், கிரிப்பும் வேணும் மைலேஜும் வேணும், எதைப் போட?" என்று எழுதியிருக்கிறாய். எந்த மைலேஜ்? பெட்ரோல் மைலேஜா, டயர் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் உழைக்கும் என்பதா? நம் ஊரில் ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான். கடைக்காரர்களுக்கு அது ரொம்ப வசதி. நாம் ஒன்றைக் கேட்போம், அவர்கள் இன்னொன்றுக்குத் தலையாட்டுவார்கள்.

எனக்கு நடந்ததை முதலில் சொல்கிறேன். போன வருஷம் ஆடிச் சாரலில் விழுந்தேன் என்று எழுதினேனே, எப்படி விழுந்தேன் என்று எழுதவில்லை. வெட்கம். மெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். சாயங்காலம் இறங்கி வருகிறேன், வேகமும் இல்லை, மூன்றாவது கியர்கூட விழவில்லை. வளைவுக்குள் நுழைந்து முன் பிரேக்கை லேசாகத் தொட்டேன், அவ்வளவுதான். முன் சக்கரம் வாரிவிட்டது. வழுக்குவதற்கு முன் ஒரு ஆட்டம் கொடுக்கும் என்பார்களே, அதெல்லாம் இல்லை. வண்டி என்மேல், கெண்டைக்கால் சைலன்சர்மேல். பின்னால் ஜீப்பில் வந்த எடுப்புப் பெண்கள்தான் வண்டியைத் தூக்கினார்கள். ஒரு அக்கா முன் டயரைக் குனிந்து பார்த்துவிட்டு, "பட்டன் எல்லாம் நல்லாத்தானே இருக்கு தம்பி, நீங்கதான் பாத்துப் போகணும்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. டயர்மேல் மேடு மேடாக இருக்கிற அந்தப் பட்டன் நிறையவே இருந்தது. 30,000 ஓடியும் தேயவே இல்லை என்று அந்த டயரை நானே நாலு பேரிடம் பெருமையடித்திருக்கிறேன். கால் ஆறினபின் உட்கார்ந்து நகத்தால் அழுத்திப் பார்த்தேன். நகம்தான் மடங்கியது, ரப்பரில் ஒரு தடம் விழவில்லை. பட்டனுக்கு நடுவே பள்ளத்தில் முடி மாதிரி வெடிப்பு. பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும், பார்த்திருப்பாய். என் டயரில் 1117. அதாவது 2017-ம் வருஷம் 11-வது வாரம் வார்த்தது. நான் வாங்கியது 2021-ல். "புது ஸ்டாக், உங்களுக்காக 200 குறைச்சுக்கிறேன்" என்று சொல்லித்தான் அந்தக் கடையில் கட்டினார்கள். நாலு வருஷம் பரணில் கிடந்து காய்ந்த ரப்பரைப் புதுசு என்று வாங்கி, அதன்மேல் மூன்று வருஷம் மலை இறங்கியிருக்கிறேன். அந்த 200 ரூபாய் காயத்துக்குக் கட்டுப்போட்ட முதல் நாளே போய்விட்டது.

ஆகவே கடைக்குப் போனதும் பிராண்டைப் பார்க்காதே, அந்த நாலு இலக்கத்தைப் பார். ஆறேழு மாசத்துக்குள் வார்த்ததாக இருந்தால் கட்டச் சொல். வருஷம் தாண்டியிருந்தால் வேறு எடுத்துவரச் சொல். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

இனி உன் கேள்வி. ரப்பர் மெத்தென்று இருந்தால் ரோட்டின் சொரசொரப்புக்குள் அமுங்கிப் பிடிக்கும், பிடிக்கிற வேகத்திலேயே தேயும். கெட்டியாக இருந்தால் நாள்பட உழைக்கும், பிடி குறையும். கலவையில் கரித்தூளோடு சிலிகா சேர்ப்பது, நடுவில் கெட்டி ரப்பரும் ஓரங்களில் மெத்து ரப்பருமாக ரெண்டு வகை போட்டு வார்ப்பது என்று கம்பெனிகள் இந்த இழுபறியைக் கொஞ்சம் சமாளித்திருக்கிறார்கள். சிலிகா கலந்தது மழையில் நன்றாகப் பிடிக்கும், பெட்ரோலும் அதிகம் குடிக்காது. இருந்தாலும் ஒன்றைக் கூட்டினால் மற்றதில் ஏதோ கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

எதை விட்டுக்கொடுப்பது என்பதற்கு உன் ரோடுதான் பதில். மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போக வர 75 கிலோமீட்டர், தினமும். வளைவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நேராகப் போய் நேராக வருகிறாய். உன் பின் டயரை ஒரு தடவை கையால் தடவிப் பார். நடுவில் தட்டையாகி, ரெண்டு ஓரமும் விளிம்பு கட்டியிருக்கும். என் பின் டயர் மலையில் சாய்ந்து சாய்ந்து ஓடுவதால் உருண்டையாகவே தேய்கிறது, ஆனால் சீக்கிரம் தேய்கிறது. எனக்கு ஓரத்துப் பிடிதான் உயிர். உனக்கு நடு ரப்பர்தான் காசு.

சமவெளிதானே, கிரிப் எதற்கு என்று நினைத்துவிடாதே. குறுவை அறுப்பு நேரத்தில் உன் ஊர்ப்பக்கம் வந்தேனே, ரோட்டில் பாதி நெல்லாகத்தான் கிடந்தது. கொள்முதல் நிலையத்தில் வழக்கமாக 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் வாங்கமாட்டார்கள், விவசாயிகளும் எங்கே போய்க் காயவைப்பார்கள்? அந்த நெல்மேல் பிரேக் பிடித்தால் கோலிக்குண்டுமேல் கால் வைத்த மாதிரிதான், எந்த டயரும் காப்பாற்றாது. ஆனால் அறுப்பு மிஷின் வயலிலிருந்து ஏறும்போது ரோட்டில் அப்பிவிட்டுப் போகிற களிமண், கோடைக்குப் பின் முதல் மழையில் தூசியும் எண்ணெயும் குழம்பி நிற்கிற பத்து நிமிஷம், குறுக்கே வருகிற ஆடு, இதற்கெல்லாம் பிடி வேண்டும். அந்த நேரத்தில் வண்டியை நிறுத்துவது எது? முன் சக்கரம். பிரேக் பிடித்ததும் வண்டிப் பாரமெல்லாம் முன்னால் சாய்கிறது. ரோட்டைத் தொட்டுக்கொண்டிருப்பதோ உள்ளங்கை அளவுகூட இல்லாத ரப்பர்.

அதனால் நான் சொல்வது இதுதான். முன்னால் பிடிக்கிற ரகம் போடு, பின்னால் உழைக்கிற ரகம் போடு. முன் டயர் எப்படியும் பின் டயரைவிட மெதுவாகத்தான் தேயும், மெத்து ரப்பராக இருந்தாலும் உனக்கு நஷ்டம் தெரியாது. பின்னால்தான் சங்கிலி இழுக்கிறது, உன் வீட்டுக்காரியும் உட்காருகிறாள், தேய்மானமெல்லாம் அங்கேதான். கணக்கும் போட்டுவிட்டேன், பழக்க தோஷம். பின் டயரில் உழைக்கிற ரகம் 2,200 ரூபாய்க்கு 25,000 ஓடுகிறது என்று வை, கிலோமீட்டருக்கு 9 பைசாகூட இல்லை. பிடிக்கிற ரகம் 2,700 ரூபாய்க்கு 15,000 என்றால் 18 பைசா. உன் ஓட்டத்துக்கு வருஷம் 21,000 தாண்டும், வித்தியாசம் 1,900 ரூபாய் வருகிறது. பின்னால் இதைச் சேமி, எனக்கு ஆட்சேபணை இல்லை. முன்னால் இந்தக் கணக்கைப் போடாதே.

இன்னொரு சௌகரியமும் உனக்கு உண்டு. இந்த ஓட்டத்தில் ரப்பர் காய்வதற்குள் பட்டன் தீர்ந்துவிடும். பட்டன் பள்ளத்துக்குள் அங்கங்கே சின்ன மேடு வைத்திருப்பார்கள், பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் டயர் முடிந்தது என்று அர்த்தம். அதற்குமேல் மொட்டையாக ஓட்டுவது நம் ஹாஸ்டல் காலத்தோடு போகட்டும். உன் அப்பாவின் டிவிஎஸ் 50-ல் நூல் தெரிகிற டயரோடு அழகர்கோயில் போய் வந்தோமே, நினைத்தால் இப்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

பிராண்டு கேட்டிருந்தாய். திருவொற்றியூரில் 1946-ல் பலூன் செய்யக் கிளம்பிய எம்ஆர்எஃப் ஆகட்டும், நாம் மேலூர் பஸ்ஸில் போகும்போது எட்டிப் பார்ப்போமே அந்த வெள்ளரிப்பட்டி டயர் கம்பெனி (இப்போது யூரோகிரிப் என்ற பேரில் விற்கிறார்கள்) ஆகட்டும், சியட் ஆகட்டும், ஒவ்வொரு கம்பெனியிலும் உழைக்கிற ரகமும் உண்டு, பிடிக்கிற ரகமும் உண்டு. பேரைச் சொல்லிக் கேட்காதே, ரகத்தைச் சொல்லிக் கேள்.

உன் மெக்கானிக் பின்னால் 120 எம்எம் அகல டயர் போடலாம் என்கிறாரா? வேண்டாம். நம் வண்டியின் அளவு முன்னால் 80/100-17, பின்னால் 100/90-17. இந்த ரிம்முக்கு 120 ஏற்றினால் ரெண்டு பக்கமும் இறுகி நடு மட்டும் புடைத்து நிற்கும். பார்க்கத் தடியாக இருக்குமே தவிர ரோட்டைத் தொடுகிற இடம் அதிகமாகாது. எடை கூடும், இழுவை குறையும், நீ கேட்ட அந்த இன்னொரு மைலேஜும் போகும்.

பெட்ரோல் மைலேஜைப் பொறுத்தவரை டயரைவிடக் காற்றுதான் பெரிய விஷயம். கம்பெனி சொன்னது முன்னால் 25, பின்னால் தனியாகப் போனால் 28, ஆள் உட்கார்ந்தால் 32. நீ மைலேஜுக்காகப் பங்கில் 40 அடிக்கச் சொல்கிறாய் என்று உன் வீட்டுக்காரி போனில் சொன்னாள். மாப்ளே, கல்லு மாதிரி காற்றடித்தால் ரோட்டைத் தொடுகிற இடம் இன்னும் சுருங்கும், நடுப்பக்கம்தான் தேயும். லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடுதலாகக் கிடைத்தாலும் டயரில் விட்டுவிடுவாய். குறைத்து ஓட்டினாலும் ஆபத்து, சூடேறி ஓரம் தேயும், வண்டி கனக்கும். வாரம் ஒரு தடவை காலையில், வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னால் பார்.

கட்டும்போது நீ பக்கத்திலேயே நில். பக்கவாட்டில் அம்புக்குறி இருக்கும், சக்கரம் சுற்றுகிற பக்கம் பார்க்கவேண்டும். எனக்கு ஒரு தடவை திருப்பிக் கட்டிவிட்டு, "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றான் பையன். மஞ்சள் புள்ளி இருந்தால் வால்வுக்கு நேராக வரட்டும். முதல் 150 கிலோமீட்டர் அவசரப்படாதே. புது டயர்மேல் வழவழப்பு இருக்கும், அது தேயும்வரை முன்னே போகிறவனிடமிருந்து நாலு வண்டி தள்ளியே போ.

தை கடைசியில் எடுப்பு முடிந்துவிடும். ரெண்டு நாள் உன் ஊரில் தங்குவதாக உத்தேசம். கோயிலில் ராஜகோபாலனைப் பார்த்துவிட்டு அம்மா கையால் ஒரு வாய் சாப்பிடவேண்டும். வரும்போது கால் கிலோ எட்டு எம்எம் ஏலக்காய் கொண்டுவருகிறேன், ஏலத்துக்குப் போகாத நல்ல காய்.

கழற்றின பழைய டயரில் ஒன்றைக் கடையில் விட்டுவராதே. என் பேரன் குச்சி வைத்து டயர் உருட்டவேண்டும் என்று நச்சரிக்கிறான். என் 1117-ஐக் கொடுத்துப் பார்த்தேன். அது கெட்டியாகக் குதித்துக் குதித்து ஓடுகிறதாம், பிடிக்கவில்லை என்கிறான்.

உன்,
முருகு