சனசமூக நிலையம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், போசகர், நிருவாகசபையினர், வருகை தந்திருக்கும் அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். இவ்வறிக்கையில் பெரும்பகுதி அவர்களுக்குரியது.

தைப்பொங்கல், சிறுவர் விளையாட்டுப் போட்டி, வாணி விழா ஆகியன வழமைபோல் நடந்தேறின. வாசிகசாலைக் கூரையில் உடைந்த ஓடுகள் மாற்றப்பட்டன.

வைகாசி முதல் மாதமொரு ஞாயிறு மாலை நடத்திய சமூக உளவியல் வாசிப்பு வட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. "சிறுபோகத்துக்குத் தண்ணீர் கிடைக்குமா என்று தெரியவில்லை, செயலாளருக்கு உளவியல் கேட்கிறது" என்று சந்தியில் பேசப்பட்டது என் காதுக்கும் எட்டியது.

காரணம் இதுதான். சித்திரை மழையில் இரணைமடு வாய்க்கால் கரையில் புதைந்த உழவு இயந்திரத்தை இழுக்கப் பதினொரு பேர் வடம் பிடித்தோம். அரை மணி நேரம் அது அசையவில்லை. ஓய்ந்து உட்கார்ந்தபோது கைகளைப் பார்த்தேன். நால்வரின் உள்ளங்கையில் வடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. "இழு, இழு" என்று எல்லோரிலும் உரக்கக் கத்தியவரின் கை, விபூதி வாங்க நீட்டிய கைபோலச் சுத்தமாக இருந்தது.

முதல் வட்டத்தில் இதையே எடுத்தோம். பிரெஞ்சு விவசாயப் பொறியியலாளர் மாக்ஸ் ரிங்கல்மான் 1913இல் வெளியிட்ட கணக்கின்படி, எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கையில் ஆளுக்குக் கிடைப்பது தனித்து இழுப்பதில் ஏறத்தாழப் பாதிதான். "ஒரே தாளத்தில் இழுக்காததுதான் காரணம், இங்கே வேலைக்கள்ளன் எவருமில்லை" என்று ஓர் அங்கத்தவர் மறித்தார். நியாயமான மறுப்பு. 1979இல் அமெரிக்காவில் உளவியலாளர் லட்டானேயின் குழுவினர் இதைத்தான் பிரித்துப் பார்த்தார்கள். கண்ணைக் கட்டி, காதில் இரைச்சலைக் கேட்கவைத்து, பிறரும் சேர்ந்து கத்துவதாக நம்பவைத்து, ஒருவரைத் தனியாகவே கத்தச் செய்தார்கள். தாளம் பிசக வழியே இல்லை. ஆனாலும் சத்தம் குறைந்தது. அவரவர் சத்தம் தனித்தனியே அளக்கப்படும் என்று நம்பினால் அந்தத் தளர்வு வருவதில்லை என்பது 1981இல் தெரிந்தது. கூட்டத்தில் வரும் இத்தளர்வைச் சமூகச் சோம்பல் என்று தமிழில் எழுதிக்கொண்டோம்.

இதை ஊரிலும் பரிசோதிக்க முனைந்தேன். ஆவணியில் வாய்க்கால் துப்பரவுச் சிரமதானத்துக்கு அங்கத்தவர்களைத் திருவுளச்சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்தோம். நாமே பிரித்தால் உழைப்பாளிகள் ஒரு பக்கம் சேர்ந்துவிடுவார்கள். ஒரு பகுதியினருக்கு வழமையான பொது அறிவித்தல், மறு பகுதியினருக்குப் பெயர் எழுதி, எந்த மரத்திலிருந்து எந்த மரம் வரை என்று குறித்த கடிதம். பொருளாளரோ அன்று மாலையே தேநீர்க் கடையில் இரண்டையும் விரித்துக் காட்டிவிட்டார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழுவும் மிஞ்சவில்லை. அங்கத்தவர்களிடம் முன்னரே சம்மதம் கேட்காதது என் பிழை, ஏற்கிறேன். கடிதம் பிழையென்பதை ஏற்கமாட்டேன்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். சிறு கையிருப்பு உண்டு. வட்டத்துக்கான செலவு தேநீரும் போட்டோப் பிரதிகளும் மட்டுமே.

சந்தா கட்டாதோரைப் பொறுப்பற்றவர்கள் என்று சென்ற ஆண்டறிக்கையில் எழுதியிருந்தேன். சூழ்நிலையைப் பாராமல் குணத்தின்மேல் பழிபோடும் இவ்வழக்கத்தை உளவியலாளர் லீ ரொஸ் 1977இல் காரணம் கற்பித்தலின் அடிப்படைப் பிழை என்றே பெயரிட்டார். காலபோகம் வெள்ளத்தோடு போனவரை நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. புது மோட்டார் சைக்கிளில் கூட்ட மண்டபத்தைக் கடந்துபோகிறவரின் சூழ்நிலையை இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறேன்.

கதிரைகள் தந்த பிரதேச சபைக்கும், தேநீர் தந்த மாதர் சங்கத்துக்கும் நன்றி.

வரும் ஆண்டில் இப்பதவிக்கு வேறொருவர் முன்வந்தால் மனமார வழிவிடுவேன். எவரும் வராவிட்டால் சந்தாப் பட்டியல் பெயர் வாரியாக வாசிகசாலைச் சுவரில் ஒட்டப்படும். பசை காய்ச்ச மாத் தருவதாக மாதர் சங்கம் சொல்லியிருக்கிறது.

செயலாளர்