இரண்டு கோடிக் கருத்துகள்

ஃபிரீமாண்ட்,
ஞாயிறு காலை

அன்புள்ள மணி,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மூச்சு வந்தது. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடச் சொல்.

"இணைய சமநிலையைக் கோர்ட்டே தூக்கிவிட்டதாமே, அங்கே நெட் இழுக்கிறதா?" என்று கேட்டிருந்தாய். இழுக்கவில்லை. நெட் கம்பெனி எந்தத் தளத்துக்கும் சலுகை காட்டாமல், எதையும் தடுக்காமல் ஒரே மாதிரி கொண்டுவர வேண்டும் என்பதுதானே இணைய சமநிலை விதி. அது ஒரு தனிக்கதை.

2017-ல் எஃப்சிசி, அதாவது இங்கத்திய தொலைத்தொடர்பு ஆணையம், அந்த விதியை நீக்கக் கிளம்பி மக்களிடம் கருத்து கேட்டபோது இரண்டு கோடிக்கு மேல் வந்து குவிந்தன. நானும் ராத்திரி உட்கார்ந்து ஏழெட்டு வரி எழுதிப் போட்டேன், இரண்டு எழுத்துப்பிழையோடு. டிசம்பர் 14 அன்று மூன்றுக்கு இரண்டு ஓட்டில் விதி போனது. நியூயார்க் மாநிலத் தலைமை அரசு வழக்கறிஞர் (அட்டர்னி ஜெனரல்) விசாரித்து 2021-ல் அறிக்கை வெளியிட்டார். வந்ததில் ஏறக்குறைய 1.8 கோடி போலியாம்! 85 லட்சம் பிராட்பேண்ட் கம்பெனிகளின் காசில் தயாரானவை. 77 லட்சம் ஒரே ஒரு 19 வயதுக் கல்லூரி மாணவன் பொய்ப்பெயர்களில் அனுப்பியவை. அவன் விதி வேண்டும் என்ற நம் கட்சிதான், ஆனாலும் எனக்கு அவன்மேல்தான் கோபம் அதிகம்.

கலிபோர்னியா சும்மா இருக்கவில்லை. 2018-ல் இணைய சமநிலைக்குத் தானே ஒரு சட்டம் போட்டது. வழக்குகளில் இழுபட்டு 2021-ல்தான் அமலுக்கு வந்தது. ஏடி அண்ட் டி என்ற செல்போன் கம்பெனி அதுவரை தன் சொந்தப் படத்தளமான எச்பிஓ மேக்ஸ் பார்த்தால் டேட்டா கழியாது என்று வைத்திருந்தது. நெட்ஃபிளிக்ஸ் பார்த்தால் கழியும். அந்த ஏற்பாட்டை இந்த மாநிலத்தில் மட்டுமல்ல, நாடு முழுக்கவே நிறுத்திவிட்டது. இணையத்துக்கு மாநில எல்லை தெரியாது என்று அவர்களே காரணமும் சொன்னார்கள்.

"சும்மா கிடைத்ததைக் கெடுப்பதற்கு ஒரு சட்டமா அப்பா?" என்றாள் என் பெண். வாய்க்காலும் வயலும் ஒரே ஆளுடையது என்றால் மடை எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்டேன். வாய்க்காலைப் பார்த்திராதவளுக்கு அது எங்கே புரியப்போகிறது!

2024-ல் எஃப்சிசி திரும்பக் கொண்டுவந்த விதியைத்தான் 2025 ஜனவரியில் கோர்ட் ரத்து செய்தது. கலிபோர்னியாச் சட்டம் அப்படியே இருக்கிறது.

அங்கே 2015-ல் இதே இணைய சமநிலைக்காக, தொலைத்தொடர்பு ஆணையமான டிராய்க்குப் பத்து லட்சம் பேர் மின்னஞ்சல் அனுப்பினார்களே, நீ அனுப்பியது இன்னும் பெட்டியில் கிடக்கிறதா? தேடி எடுத்து அனுப்பு. பிழை இருந்தால் திருத்தாதே.

அன்புடன்,
சேகர்