ஒழுகுகிறது என்று சொல்லவே பயமாக இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழின் வீடு மனைப் பக்கத்தில், வாடகை ஏறிக்கொண்டே போவது முதலீட்டாளர்களுக்கு நல்ல செய்தி என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. எழுதியவர் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருந்தார், அதில் எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வாடகையை மாதாமாதம் கொடுக்கிற ஆள் முழுப் பக்கத்திலும் ஓர் இடத்தில்கூட வரவில்லை. நான் இருபத்திரண்டு வருடமாக வாடகை வீட்டில்தான் இருக்கிறேன், இப்போது இருப்பது எட்டாவது வீடு. அந்த விடுபட்ட ஆளின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு வாளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஆறாவது வீட்டில் குளியலறைக் கூரையின் மூலையில் ஈரம் கசிந்தது. முதலில் ஒரு தட்டு அளவுக்குக் கறை, அப்புறம் பூச்சு உப்பிக்கொண்டு வந்தது, அப்புறம் சொட்டவே ஆரம்பித்துவிட்டது. மாடியில் குழாய் இணைப்பு ஒன்று விட்டுப்போயிருந்தது, பிளம்பர் வந்தால் அரை நாள் வேலை. நான் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. ஒரு நீல நிற பிளாஸ்டிக் வாளியை அடியில் வைத்தோம். ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை, காலையில் எழுந்ததும் ஒரு தடவை கொட்டுவோம். சொட்டும் சத்தத்தில் பிள்ளைகள் தூங்கவில்லை என்று வாளிக்குள் ஒரு பழைய துண்டைப் போட்டு வைத்தாள் என் மனைவி. இப்படியே ஒன்றரை வருடம் ஓடியது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஒப்பந்தம் வருடத்துக்கு வருடம் புதுப்பிக்க வேண்டியது. அதே கட்டடத்தில் எதிர் வீட்டில் இருந்தவர்கள் ஜன்னல் கதவு உடைந்ததைச் சரிசெய்யச் சொல்லி இரண்டு தடவை கேட்டார்கள், மூன்றாவது மாதம் "எங்க பையனுக்கு வீடு தேவைப்படுது, காலி பண்ணிக் கொடுத்துடுங்க" என்று பதில் வந்தது. அவர்கள் போன பிறகு பையன் வரவில்லை, கூடுதல் வாடகைக்கு இன்னொரு குடும்பம் வந்தது. இதைக் கண்ணெதிரே பார்த்தவனுக்கு வாய் எங்கிருந்து வரும்?

கடைசியில் ஒரே வருடத்தில் வாடகை கால் பங்கு ஏறியது, எங்களால் முடியவில்லை, காலி பண்ணினோம். சாவி கொடுக்கிற அன்று வீட்டுக்காரர் குளியலறையில் நின்று அண்ணாந்து பார்த்தார். "இவ்வளவு நாளா இதைச் சொல்லாம என்ன தம்பி பண்ணீங்க?" என்றார். கூரையைச் சரிசெய்யும் செலவு, வீடு முழுக்கப் பெயின்ட் அடிக்கும் செலவு இரண்டையும் அட்வான்ஸில் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. என் மகளுக்கு நடுராத்திரியில் மூச்சுத் திணறியபோது தன் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தவர் அவர்தான். ஆனால் எங்களை எப்போது வேண்டுமானாலும், காரணமே சொல்லாமல், போகச் சொல்லும் அதிகாரம் முழுக்க அவர் கையில் இருந்தது. எதிரில் நிற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த அதிகாரத்தின் முன்னால் பேச்சு வராது.

இது என் வீட்டுக் கதை மட்டும் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, இதற்கு நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் எட்வர்ட்ஸ் என்ற பெண்மணி மாத வாடகைக்கு ஒரு வீட்டில் இருந்தார். வீட்டின் சுகாதாரக் குறைகளைப் பற்றி நகர அதிகாரிகளிடம் புகார் கொடுத்தார். அவர்கள் வந்து பார்த்தால் 40க்கும் மேற்பட்ட விதிமீறல்கள், சரிசெய்யச் சொல்லி உத்தரவும் போட்டார்கள். உடனே வீட்டுக்காரர் அவருக்குக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் கொடுத்துவிட்டார். வழக்கு மேல்முறையீடு வரை போனது, 1968இல் தீர்ப்பு வந்தது. புகார் கொடுத்ததற்குப் பழிவாங்குவதற்காக ஒருவரை வெளியேற்றக் கூடாது, அதை அனுமதித்தால் யாருமே புகார் கொடுக்க மாட்டார்கள், வீட்டு விதிகள் இருந்தும் இல்லாத மாதிரிதான் என்றது நீதிமன்றம். இங்கிலாந்திலும் இதே பிரச்சினைக்காக 2015இல் ஒரு சட்டப் பாதுகாப்பைக் கொண்டுவந்தார்கள். அந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு அந்த நீல வாளிதான் ஞாபகம் வந்தது.

வாடகைப் பிரச்சினை என்றாலே எல்லாரும் தொகையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். தொகை பெரிய சுமைதான், இல்லை என்று சொல்லவில்லை. வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வீட்டுக்குப் போகக் கூடாது என்று ஒரு கணக்கு உலகம் முழுக்கச் சொல்லப்படுகிறது. அமெரிக்காவில் அரசு வீடுகளில் இருப்பவர்களுக்கு 1969இல் 25 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்து, 1981இல் 30 ஆக்கினார்கள், அங்கிருந்து பரவிய கணக்கு இது. ஆனால் பெரிய சம்பளக்காரருக்கு 30 சதவீதம் போனாலும் மிச்சத்தில் தாராளமாக வாழலாம். சின்னச் சம்பளக்காரருக்கு மிச்சம் இருக்கும் 70 சதவீதத்தில் சாப்பாடு, படிப்பு, மருந்து எல்லாம் அடங்க வேண்டும். வருமானம் குறையக் குறைய அதில் வாடகையின் பங்கு கூடும் என்பதை 1868லேயே ஹெர்மன் ஷ்வாபே என்ற புள்ளியியலாளர் பெர்லின் நகரக் கணக்குகளை வைத்துக் காட்டிவிட்டார். மற்ற செலவை இழுத்துப் பிடிக்கலாம், துணி வாங்குவதைத் தள்ளிப்போடலாம், பாதி மாதத்துக்கு மட்டும் வீடு எடுக்க முடியுமா?

சரி, தொகையாவது கண்ணுக்குத் தெரியும். வீடு மாறும்போது ஆகிற செலவை யாரும் வாடகைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. பழைய வீட்டு அட்வான்ஸ் கைக்கு வருவதற்கு முன்னாலேயே புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாக வேண்டும், ஆக ஒரே நேரத்தில் இரண்டு வீட்டுப் பணம் முடங்கும், அதற்குத்தான் வட்டிக்கு வாங்குவது. புரோக்கர் கமிஷன், வண்டிக் கூலி, முதல் மாத வாடகை, வங்கியிலிருந்து எல்லா இடத்திலும் முகவரி மாற்றும் அலைச்சல், பிள்ளைகளின் பள்ளி தூரமாகிப்போவது. என் வீட்டுப் பரண் மேல் டேப் ஒட்டிய நான்கு அட்டைப் பெட்டிகள் இருக்கின்றன. மூன்று வீடாக எங்களோடு வருகின்றன, பிரிக்கவே இல்லை. எப்படியும் திரும்பக் கட்ட வேண்டியதுதானே என்று மனைவி சொல்லிவிட்டாள். உள்ளே எங்கள் கல்யாண ஆல்பமும் அவள் எம்பிராய்டரி நூல்களும் இருக்கின்றன.

ஆகவே நான் முதலில் கேட்பது, இருக்கிற வீட்டில் நிம்மதியாக இருக்கும் உறுதி. வாடகையை ஒழுங்காகக் கொடுத்து வீட்டை ஒழுங்காக வைத்திருப்பவரைத் தக்க காரணம் இல்லாமல் வெளியேற்றக் கூடாது, வாடகையை இஷ்டத்துக்கு ஏற்றக் கூடாது, இவ்வளவுதான். நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. வீடு என்பது மனித உரிமை என்று 1948ஆம் ஆண்டு ஐ.நா. பிரகடனத்தின் 25ஆம் பிரிவிலேயே இருக்கிறது. 1991இல் ஐ.நா. குழு அதற்கு விளக்கம் எழுதியபோது தகுந்த வீட்டுக்கு ஏழு தகுதிகளைச் சொன்னது, அதில் முதலில் வைத்தது குடியிருப்புக்கான சட்டப் பாதுகாப்பை. செலவு கட்டுப்படியாக வேண்டும் என்பதுகூட அதற்குப் பிறகுதான் வருகிறது.

ஜெர்மனியில் இது நடைமுறையிலேயே இருக்கிறது. அங்கே வாடகை ஒப்பந்தம் பொதுவாகக் காலவரம்பு இல்லாதது. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்ல வேண்டுமென்றால் சட்டம் ஏற்கிற காரணம் வேண்டும், தனக்கோ குடும்பத்துக்கோ வீடு தேவை என்பது அப்படி ஒரு காரணம். எட்டு வருடத்துக்கு மேல் குடியிருப்பவருக்கு ஒன்பது மாத அவகாசம் கொடுக்க வேண்டும். குடியிருப்பவரின் வாடகையைச் சுற்றுவட்டார அளவுக்கு உயர்த்துவதானாலும் மூன்று வருடத்தில் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, நெருக்கடி அதிகமான இடங்களில் 15 சதவீதம்தான். அங்கே பாதிக்கும் மேற்பட்டவர்கள் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். பத்து, இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்து பிள்ளைகளை வளர்த்துவிடுகிறார்கள்.

வாடகையை அரசு நேரடியாகக் கட்டிப்போட்டால் போதாதா என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். அது அவ்வளவு சுலபம் இல்லை. ஜெர்மனியில் தனி மாநிலமாகவும் இருக்கும் பெர்லின் நகரம் 2020 பிப்ரவரியில் பெரும்பாலான வீடுகளின் வாடகையை ஏறவிடாமல் நிறுத்தி வைத்தது. இருந்தவர்களுக்கு வாடகை குறைந்தது, ஆனால் வாடகைக்கு என்று விளம்பரத்துக்கு வரும் வீடுகளும் குறைந்துவிட்டன, 2021 ஏப்ரலில் மாநிலத்துக்கு அந்த அதிகாரமே இல்லை என்று அரசியல் சாசன நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்தது. சான் பிரான்சிஸ்கோவில் 1994இல் வாடகைக் கட்டுப்பாட்டைச் சிறிய கட்டடங்களுக்கும் விரிவாக்கினார்கள். அதன் விளைவை ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பொருளாதார ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். குடியிருந்தவர்கள் அதே வீட்டில் தொடர்ந்து இருக்க முடிந்தது, அது நிஜமான பலன். ஆனால் அந்தக் கட்டடங்களின் உரிமையாளர்கள் விற்றும் இடித்துக் கட்டியும் வாடகை வீடுகளை 15 சதவீதம் குறைத்துவிட்டார்கள், புதிதாக வீடு தேடி வந்தவர்கள் பாதிக்கப்பட்டார்கள். உள்ளே இருப்பவரைக் காப்பாற்றி வெளியே நிற்பவரைக் கைவிடுகிற தீர்வு எனக்கு வேண்டாம், போன தடவை வெளியே நின்றவன் நான்தான்.

அதனால் பாதுகாப்போடு சேர்த்து வீடுகளைக் கட்டவும் வேண்டும், நிறையக் கட்ட வேண்டும், அரசும் கட்ட வேண்டும். ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னா 1923இல் வீடுகளுக்கு ஒரு தனி வரி போட்டது, ஆடம்பர வீடுகளுக்குப் பல மடங்கு கூடுதலாக. அந்தப் பணத்தையும் சேர்த்து 1934க்குள் 60,000க்கும் மேற்பட்ட வீடுகளை நகராட்சியே கட்டியது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் கார்ல் மார்க்ஸ் ஹோஃப் குடியிருப்பு 1930இல் திறக்கப்பட்டது, இன்றும் மக்கள் அதில் இருக்கிறார்கள். இப்போது நகராட்சிக்குச் சொந்தமாகச் சுமார் 2,20,000 வாடகை வீடுகள் இருக்கின்றன. லாப நோக்கில்லாத சங்கங்களின் வீடுகளையும் சேர்த்தால் நகர மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இப்படிப்பட்ட வீடுகளில்தான். சிங்கப்பூர் 1960இல் வீட்டு வசதி வாரியத்தைத் தொடங்கி வேறு வழியில் போனது, அது வாடகையைவிடச் சொந்த வீட்டை நோக்கிய வழி, இன்று அங்கே ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் வாரியம் கட்டிய அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் அரசாங்கம் வீட்டைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டது.

அட்வான்ஸ் விஷயத்துக்கு இவ்வளவு பெரிய திட்டம்கூடத் தேவையில்லை. இங்கிலாந்தில் 2007 முதல் அந்தப் பணத்தை அரசு அங்கீகரித்த ஒரு பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்தாக வேண்டும், அதற்கு இப்போது 30 நாள் கெடு. காலி பண்ணும்போது தகராறு வந்தால் மூன்றாவது நபர் இரண்டு பக்க ஆதாரத்தையும் பார்த்து முடிவு சொல்வார். அப்படி ஒருவர் இருந்திருந்தால் என் குளியலறைக் கூரைக்கு யார் பணம் தர வேண்டும் என்பது பத்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

வீட்டுக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரே ஒரு வீட்டைக் கடன் வாங்கிக் கட்டி, அந்த வாடகையில் முதுமையை ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். மாதக்கணக்கில் வாடகை தராமல், காலியும் பண்ணாமல் இழுத்தடிக்கும் ஆட்களிடம் அவர்கள் படும் பாடும் எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட வழக்குகள் சீக்கிரம் முடிய வேண்டும். நீதிமன்றம் வருடக்கணக்கில் இழுப்பதால்தான் அவர்கள் குறுகிய ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள், தனியாக இருக்கும் பெண், வயதானவர், நிலையான சம்பளம் இல்லாதவர் என்று ஒவ்வொருவரையும் சந்தேகமாகப் பார்த்துத் திருப்பி அனுப்புகிறார்கள்.

குடியிருப்பவர்கள் வாய் திறந்தாலும் ஒன்றும் நடக்காது என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்ல ஆசை. முதல் உலகப் போர் சமயத்தில், 1915இல், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக்கு ஆயுதத் தொழிற்சாலை, கப்பல் கட்டும் தள வேலைக்காக ஆட்கள் குவிந்தார்கள், வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள், ஆண்களில் பலர் போர்முனையில். மேரி பார்பர் போன்ற பெண்கள் தெருத்தெருவாகச் சேர்ந்து ஏற்றிய வாடகையைக் கொடுக்க மறுத்தார்கள், வெளியேற்ற ஆள் வந்தால் மணி அடித்துக் கூட்டம் சேர்த்து மாடிப்படியை மறித்து நின்றார்கள். நவம்பரில் சுமார் 20,000 பேர் சேர்ந்துவிட்டார்கள். அந்த வருடமே வாடகையைப் போருக்கு முந்தைய அளவில் நிறுத்தும் சட்டத்தைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

உங்களிடம் கேட்பது இதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் பாதியை எங்களுக்குக் கொடுங்கள். குடிவரும் அன்று எதையெல்லாம் படம் எடுத்து வைக்க வேண்டும், கூரை ஒழுகினால் எழுத்தில் எப்படிச் சொல்ல வேண்டும், அட்வான்ஸில் எதைப் பிடிக்கலாம் எதைப் பிடிக்கக் கூடாது, வாடகையை ஏற்ற எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், நியாயம் கேட்க எந்த அலுவலகத்துக்குப் போவது என்று ஒரு வழக்கறிஞரை வைத்து வாரம் ஒரு கேள்விக்குப் பதில் எழுதச் சொல்லுங்கள். முதல் கேள்வியை நானே அனுப்புகிறேன். இப்போது இருக்கும் வீட்டில் சமையலறைச் சுவரில் ஈரம் ஏற ஆரம்பித்திருக்கிறது, ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கிறது, இந்தத் தடவை வீட்டுக்காரரிடம் எழுதியே கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். அந்தக் கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்